ஓரம் மங்கும் லென்ஸ்

டிசம்பர் நான்கு. சுரங்க வாசலில்
முழங்கால் வரை பனி.
புனித பார்பராவின் நாள் என்பதால்
ஆறு மணிக்கே பித்தளை வாத்தியம் தெருவை எழுப்பிவிட்டது.
கறுப்புச் சீருடை, கறுப்பு இறகு வைத்த தொப்பி,
இருபத்து மூன்று பேர்.

கேமராவுக்கு வயது இரண்டு.
லென்ஸுக்கு என்னைவிட ஒன்பது வயது அதிகம்.
இடையில் ஒரு வளையம்,
கட்டோவிட்சே சந்தையில் நாற்பது ஸ்வோட்டிக்கு வாங்கியது.
ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது.
திரையில் எழுதிக் காட்டுகிறது:
லென்ஸ் பொருத்தப்படவில்லை.
துளையின் அளவு: சுழி, சுழி.

இருக்கட்டும்.
முழுக்கத் திறக்கிறேன்.
ஒரு தொப்பியின் இறகில் தங்கிய பனித்துகள் வரை
கூர்மையாக்குகிறேன்.
பிறகு பார்க்காமலே, விரலால் எண்ணி மூடுகிறேன்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு சொடுக்கு.
எட்டில் வந்து நிற்கிறது வளையம்.
ஒவ்வொரு சொடுக்குக்கும்
கண்ணுக்கெதிரே ஊர் பாதியாக இருள்கிறது.

இனி வெளிச்சமானி.
அதற்கு ஒரே ஓர் ஆசை,
எதைக் காட்டினாலும் சாம்பலாக வேண்டும்.
பனியைக் காட்டினால், சாம்பலாக்கு.
கறுப்புக் கோட்டைக் காட்டினால், அதையும்.
சாம்பல் எங்கள் ஊரில்
ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

கையுறையைப் பல்லால் கழற்றி
உள்ளங்கையை நீட்டுகிறேன்.
அவர்கள் முகத்தில் விழுவதுதான் இதன்மேலும் விழுகிறது.
கை பனியும் இல்லை, கரியும் இல்லை.
மானி சொல்கிறது: நூற்று இருபத்தைந்தில் ஒரு நொடி.
என் தோல் சாம்பலைவிட ஒரு படி வெளுப்பு,
எனவே அறுபதில் ஒன்று.
மைனஸ் ஒன்பதில் அந்தக் கணக்குக்கு
இரண்டு விரல் மரத்துப்போகும்.

அப்போது எவால்ட் வந்தான்.
இரவு ஷிப்ட் முடித்து, குளிக்காமல்,
முதுகில் ஒப்பந்தக்காரன் பெயர் எழுதிய
ஆரஞ்சு ஜாக்கெட்டில்.
இமையோரம் கரி. எந்த சோப்புக்கும் போகாத மை,
கூலியோடு சேர்த்துக் கொடுத்தது.
வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

திரு. ஷிமுரா கையிலிருந்த தாளைப் பார்த்தார்.
"பட்டியலில் இருபத்து மூன்று. இவர் நம் ஆள் இல்லை."
எவால்ட் பேசவில்லை. அலோய்ஸி பேசினார்:
"கீழே ஒரே கூண்டில்தான் இறங்குகிறோம்."
"சரி, நிற்கட்டும்" என்ற ஷிமுரா
என் காதருகே குனிந்தார்.
"ஓரத்தில்தானே. பிறகு வெட்டிவிடலாம்."

நான் லென்ஸைத் தட்டிக் காட்டினேன்.
"பழசு, ஐயா. நடுவில்தான் இதற்குக் கண் தெரியும்.
ஓரத்தில் நிற்பவர்கள் கரைந்துபோவார்கள்.
ஆரஞ்சு வேறு, பக்கத்து ஆள்மேல் வழியும்.
அவரை நடுவே கொண்டுவருவது நல்லது."

எட்டில் மூடினால் ஓரமும் ஊசிமுனைதான்.
ஷிமுராவுக்கு அது தெரியாது.
எவால்டுக்குத் தெரிந்திருக்கலாம்.
கொடி பிடித்தவனுக்கும் அலோய்ஸிக்கும் இடையில் நுழையும்போது
என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடினான்.
ஓர் இமை, ஒரு கறுப்புக் கோடு.

மேகம் கொஞ்சம் விலகியது.
மறுபடி கை, மறுபடி கணக்கு.
"மூச்சு விடாதீர்கள், ஆவி மறைக்கிறது."
இருபத்து நான்கு பேர் மூச்சை அடக்கினார்கள்.
ஷிமுராவும் ஏனோ அடக்கினார்.

இரவு கணினியில் திறந்தேன்.
பனி வெள்ளை. கோட்டு கறுப்பு,
ஆனால் பொத்தான்களை எண்ணலாம்.
நடுவில் ஆரஞ்சு எரிகிறது.
படத்தோடு கேமரா எழுதி வைத்த குறிப்பு:
குவியத் தொலைவு சுழி. துளை சுழி.
லென்ஸ் இல்லை.

படத்துக்குக் கீழே பெயர்கள் அச்சிட வேண்டும்.
ஷிமுராவின் தாளில் இருபத்து மூன்று இருந்தன.
மீதி ஒன்றுக்காக அலோய்ஸிக்குப் போன் செய்தேன்.
அவர் மனைவி எடுத்தாள். தூங்குகிறார் என்றாள்.
பிறகு அவளே,
அடுப்பில் எதையோ கிளறியபடி,
எவால்டின் குடும்பப் பெயரை
எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.