பயன்பாட்டுச் சான்றிதழ்

மார்ச் முப்பத்தொன்று.
மன்னார்குடிக் கல்லூரியில், நூலகத்துக்குப் பின்னால்,
இரண்டு மேசையும் சொட்டும் ஏசியும் உள்ள
தொழில்நுட்ப அறவியல் மையத்தில்
கணக்கு முடிக்கிறேன்.

பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
தந்தது, வானத்திலிருந்து வயலைப் பார்த்து
சேதம், சேதமில்லை என்று தீர்ப்புச் சொல்லும்
மென்பொருளைச் செய்த அதே நிறுவனம்.
தலைப்பும் அவர்களுடையதுதான்:
பயிர்க் காப்பீட்டில் பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவு.
யாருக்குப் பொறுப்பு என்று
முதல் கூட்டத்திலேயே கேட்டிருக்கலாம்.
முந்திரி பிஸ்கட் நன்றாக இருந்தது.
கேட்கவில்லை.

செலவினம்.
கோட்டூர் தொடங்கி முத்துப்பேட்டை வரை
ரவூபின் பைக்குக்குப் பெட்ரோல்.
ஒப்புதல் படிவம் நானூற்றுப் பத்து, இருபுறமும் அச்சு.
மைப்பெட்டி மூன்று.
நீல மைதான் வேண்டும் என்றது நெறிமுறைக் குழு.
அந்தக் குழு கேட்ட ஒரே கேள்வி அது.

படிவத்தின் ஏழாவது பத்தி:
நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.
சத்தமாக வாசித்தேன்.
களப்பாளில், வரப்பில் நின்றபடி,
காத்தாயி சிரித்துவிட்டாள்.
"எதுலேருந்து?"

மூன்று மா. வாய்ப்பேச்சுக் குத்தகை.
அடங்கலில் வேறொருவர் பெயர்.
தை மழையில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது.
மென்பொருள் முதலில் பார்த்தபோது மேகம்.
அடுத்து பார்த்தபோது பச்சை.
சாய்ந்து கிடந்த சம்பா
கதிரிலேயே முளைவிட்ட பச்சை.
பச்சை என்றால் நலம் என்றுதான்
அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவள் அந்தக் கதிரில் ஒன்றைப் பிடுங்கி
என் படிவத்தின்மேல் வைத்தாள், ஈரத்தோடு.
"இந்தக் கேள்விய கேக்க ஒனக்கு எவ்வளவு?"
மாதம் முப்பத்தோராயிரம் என்றேன்.
கோபப்படவில்லை. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு
"கேளு. ஆனா அவனுவோகிட்டயும் கேப்பியா?" என்றாள்.
கைநாட்டு வைக்கவில்லை.

அறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் எழுதினேன்:
முளைத்த நெல்லைச் செழிப்பென வாசிக்கிறது; இது தவறு.

வரைவு திரும்பி வந்தது.
ஓரத்தில் இளஞ்சிவப்புக் குறிப்புகள், மிக மரியாதையாக.
தவறு என்பதை விலகல் எனலாமா?
மறுக்கப்பட்டவர்கள் என்பதை
இன்னும் சேர்க்கப்படாதவர்கள் என?
கட்டாயமில்லை. பரிசீலிக்கவும்.
அன்புடன் என்பதற்குக் கீழே, பின்குறிப்பாக,
இரண்டாம் கட்டம்: நாற்பது லட்சம்.
ரவூபின் மூன்று மாதச் சம்பளம் அதில்தான் இருக்கிறது.

நிதியைத் தண்ணீர் என்று எழுதிப் பார்த்தேன்.
கடைமடையில் அலைந்துவிட்டு வந்து
அப்படி எழுதக் கூசியது. அடித்தேன்.
அடித்த வரிக்குக் கீழே ஒன்று மட்டும் நின்றது:
மதகைத் திறப்பவனைப் பற்றி
வாய்க்கால் என்ன ஆய்வறிக்கை எழுதும்?
அதையும் அறிக்கையில் சேர்க்கவில்லை.

விலகல் என்று மாற்றினேன்.
கதிரின் படத்தை எடுக்கவில்லை என்று
இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.
அடிக்குறிப்புக்கு நகர்த்தியிருந்தேன்,
எட்டுப் புள்ளி எழுத்தில்.

"படிவத்தில் ஒன்று குறைகிறதே மேடம்,
பாழ் என்று எழுதிவிடவா?" என்கிறார் கணக்காளர் செங்குட்டுவன்.
மேசை இழுப்பறையில் இருக்கிறது அது.
ஏழாவது பத்தியின்மேல் பழுப்புக் கறை,
காய்ந்து நூலாகிவிட்ட ஒரு வேர்.
எழுதுங்கள் என்றேன்.
பிறகு, வேண்டாம் என்றேன்.
அவர் பேனாவை மூடாமல் காத்திருக்கிறார்.

கடைசித் தாளில் அச்சிட்டே இருக்கிறது வாக்கியம்:
மேற்கண்ட தொகை
எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ
அந்த நோக்கத்துக்காகவே
முழுமையாகப் பயன்படுத்தப்பட்டது எனச் சான்றளிக்கிறேன்.

மூன்று முறை படித்துவிட்டேன்.
பொய் ஒன்றும் இல்லை இதில்.
மணி நாலே முக்கால். ஐந்துக்குத் தபால் போய்விடும்.
நீல மையைத் தேடுகிறேன்.