நகல் கடையிலிருந்து

மஞ்சக்குப்பத்தில் கடை.
ஆறடிக்கு எட்டடி, இரண்டு மெஷின்,
பக்கம் இரண்டு ரூபாய்.

சாவுச் சான்றிதழை யாரும்
ஒற்றை நகல் எடுப்பதில்லை.
பத்து கேட்பார்கள்.
வெளியே வரும் தாள் சூடாக இருக்கும்.
தொட்டதும் கையை இழுத்துக்கொண்டவர்களைப்
பார்த்திருக்கிறேன்.

பத்தொன்பது வருடமாக
கூட வருவது யாரென்றும் பார்க்கிறேன்.
மச்சான் வருவான், கடன் கொடுத்தவன் வருவான்.
பாலிசி போட்டுக் கொடுத்தவன் வந்ததை
விரல் விட்டு எண்ணிவிடலாம்.

போன ஆடியில் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்றார்கள்.
துறைமுகத்துக்கு ஐஸ் லாரி ஓட்டுகிறார்.
அன்றைக்குத்தான் உறைத்தது,
ஊர்ச் சாவையெல்லாம் நகலெடுக்கிற வீட்டில்
ஒரு பாலிசி கிடையாது.

இஸ்திரிக் கடையில் வாய்விட்டுச் சொன்னேன்.
மறுநாளே கிரிதரன் வந்தார்,
காலண்டரோடு.
"முதல் தவணையில பாதி நானே கட்டிடறேங்க்கா."
தன் கூலியையே விட்டுக்கொடுக்கிறவர்
எனக்காக எதைப் பிடித்து நிற்பார்?
லைசென்ஸைக் கேட்டேன்.
அந்தப் படத்தில் அவர் மனைவி இருந்தாள்.

எட்டு வருஷத்தில் இரட்டிப்பாகும் என்றார்.
எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது,
காட்டுங்கள், ஒரு நகல் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.
அவருக்கு போன் வந்துவிட்டது.

போகிற போக்கில் சொன்னார்:
"சர்க்கரையெல்லாம் எழுத வேணாம்,
இல்லைன்னு ஒரு டிக்."

அந்த டிக்கை எனக்குத் தெரியும்.
சோனாங்குப்பம் அஞ்சலையின் கடிதத்தில்
மூன்று நகல் எடுத்தேனே,
'விவரம் மறைக்கப்பட்டதால்' என்று.
அவள் புருஷன் எதையும் மறைக்கவில்லை.
அவனுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும்.
டிக் போட்டது வேறு கை.

தேசிங்கு என்று ஒருவர்.
கெடிலம் ஊருக்குள் வந்த வருஷம்
கடையில் சேறு காயவில்லை,
ஒரு பெண்ணை மொபெட்டில் கூட்டி வந்தார்.
ஃபைல் பால் கவருக்குள் இருந்தது.
என்னோடு சண்டை:
"இந்த எழுத்து தெரியல, திரும்ப எடுங்க,
இதைச் சாக்கு வச்சு அனுப்பிடுவான்."
மூன்று முறை எடுக்க வைத்தார்.
எரிச்சலாக இருந்தது எனக்கு.
அடுத்த மாதம் மறுபடி வந்தார்,
அதே பெண், வேறு தாள்.
அதற்கடுத்த மாதமும்.

அவரிடம் விசிட்டிங் கார்டு கிடையாது.
பழைய பில் புத்தகத்தைத் துழாவி
நம்பர் எடுத்தேன்.

வந்தவர் எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்கவில்லை.
சர்க்கரை எப்போதிலிருந்து, மாத்திரை பேர் என்ன,
பீடி உண்டா?
வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.
"எழுதுங்க," என்றேன்.
"தவணை கூடும். வேணாம்னுகூடச் சொல்லிடுவாங்க,
அதுக்கும் தயாரா இருங்க."
காசு திரும்பி வருகிற பாலிசி கேட்டேன்.
உங்க வருமானத்துக்கு அது வேண்டாம்,
செத்தா மட்டும் தருகிறதைப் போடுங்க என்றார்.
அந்த வார்த்தையை
வீட்டுக்குள் வைத்து அப்படிச் சொன்னதில்
எனக்குக் கொஞ்சம் கோபம்.

கடைசியாக நானும் கேட்டேன்:
"உங்களுக்கே அறுபது இருக்கும்.
இவருக்கு முன்னாடி நீங்க போயிட்டா?"

சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.
ரசீதின் பின்பக்கம்
ஆபீஸ் நம்பரை எழுதினார்.
"என்னை நம்பாதீங்க. தாளைப் படிங்க.
பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுக்க முப்பது நாள் இருக்கு."

நிரப்பிய பாரத்துக்கு நகல் எடுத்தார்.
பதினாலு ரூபாய் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

பாலிசி தபாலில் வந்து
இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.
கூட்டமில்லாத மத்தியானங்களில் படிக்கிறேன்,
பொடி எழுத்து, கண் வலிக்கிறது.
ஏழாம் பக்கத்தில் ஒரு வரி புரியவில்லை.
கூப்பிட்டேன்.
இரண்டாவது மணியில் எடுத்தார்.