இருபது கிலோவின் மடங்குகளில்

மின்னல் எங்கோ தொபோலுக்கு அப்பால்தான் விழுந்தது.
விளக்கு போனது, வந்தது.
எடைமேடைக் கணினி மட்டும் வரவில்லை.

கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரம் ஒன்று
இடமும் வலமுமாய் ஓடித் திரும்புகிறது.
ஒரு வட்டுக்காகக் காத்திருக்கிறதாம்.
தொண்ணூறு நொடி.
அதுவும் தீர்ந்தபின்
அவசரநிலை என்று எழுதி
ரூட் கடவுச்சொல் கேட்டு நின்றுவிட்டது.

வெளியே முப்பத்தொரு காமாஸ் லாரிகள்.
தார்ப்பாய்க்குள் மூச்சுவிடும் கோதுமை.
முதல் வண்டிக்காரன் யெர்மெக்
கண்ணாடியில் விரலால் தட்டுகிறான்.
மழை வந்தால் ஈரம் ஏறும்,
ஈரம் ஏறினால் விலை இறங்கும்.
அவன் வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை,
தட்டும் விதத்திலேயே இருக்கிறது.

எந்த வட்டு?
அந்த நீண்ட அடையாள எண்ணைப்
பாதி படிக்கும்போதே எனக்குக் காது சுட்டது.
ஜூலையில் கரகரவென்று அரைத்துச் செத்ததை
மவுன்ட் அவிழ்த்து, திருகு கழற்றி
எடுத்தது நானேதான்.
இதோ, மேசைக்கால் ஆடாமல் முட்டுக்கொடுத்து
காலடியிலேயே கிடக்கிறது.
பட்டியலில் அதன் வரியை மட்டும் மறந்துபோனேன்.

எழுபது நாள் இந்தக் கணினி அணையவே இல்லை.
அணையாதவரை தப்பு தெரியாது.
எழுந்திருக்கும்போதுதான் பெயர்பெயராய்க் கூப்பிடுகிறது;
வராத ஒருவனுக்காக
பள்ளிக்கூடத்தையே பூட்டிவிடுகிறது.

கடவுச்சொல் ஈரப்பதக் குறிப்பேட்டின் பின்னட்டையில்.
நுழைந்தேன். வரியைத் திருத்தினால்
சேமிக்கமாட்டேன் என்கிறது:
வேர்க் கோப்பகத்தைப் படிக்கலாம், எழுதக்கூடாது.
சரி, சண்டை வேண்டாம்.
எழுதவும் விடு என்று மறுபடி மவுன்ட் செய்தேன்.
விட்டது.
வரியை அழிக்கவில்லை.
முன்னால் ஒரு ஹேஷ் குறி.
இருந்தபடியே இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது:
எழுபது நாள் எடைச்சீட்டுகள்
அப்படியானால் எங்கே?

வட்டு வந்து அமரும் கோப்புறையைத் திறந்தேன்.
காலியாய் இருக்கவேண்டிய இடம்.
அத்தனையும் இருந்தன.
மேலே ஒன்றும் இல்லை என்பது
எடை மென்பொருளுக்கு யார் சொன்னார்கள்?
வெறுந்தரையிலேயே எழுதி அடுக்கியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழைய கோப்பு.
இரண்டாயிரத்துப் பதினொன்று, மே.
வட்டு முதன்முதலாய் வந்து அமர்வதற்கு முந்தின நாள்
கென்ரிக் எழுதியது.
மறுநாளிலிருந்து வட்டின் அடியில்,
அழியாமல், கண்ணில் படாமல்.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவன்.
பார்த்ததில்லை.
ஹனோவரில் பேருந்து ஓட்டுகிறான் என்பார்கள்.

இரண்டே வரி.

சோதனை. நான்: 80.
நானும் நாயும்: 100.

லாரி எடைமேடை
இருபது கிலோவின் மடங்குகளில்தான் பேசும்.
நாய் உண்மையில் இருபதா,
பதினாலே இருந்து எடைமேடை பெரிதாக்கியதா,
தெரியாது. பெயரையாவது எழுதியிருக்கலாம்.

கணினியை மறுபடி எழுப்பினேன்.
நட்சத்திரம் ஓடவில்லை,
யாருக்காகவும் நிற்கவில்லை.

கதவு வரை வந்துவிட்ட யெர்மெக்கிடம்
ஒரு நிமிடம் என்று கைகாட்டிவிட்டு
தூறலில் நடந்து
இரும்புத் தளத்தின் நட்டநடுவில் ஏறி நின்றேன்.
சன்னலுக்குள் சிவப்பாய்: 60.

"என்ன ஸௌரேஷ், உன்னையும் விற்கப்போகிறாயா?"

"சோதனை," என்றேன். "வண்டியை ஏற்று."