தோணியுரு

ஸ்கஃபாய்ட்.
எக்ஸ்ரே அறிக்கையில் கை பழகிப்போன சொல்.
பொருள் கேட்டு ஒருவரும் வந்ததில்லை,
பாலமீன்மடு இன்னாசி வரும்வரைக்கும்.

எஞ்சின் கயிறு இழுக்கையில் சறுக்கி
உள்ளங்கை ஊன்றி விழுந்த ஆள்.
பெருவிரல் அடியில் குழி விழுகிற இடத்தைத்
தொட்டேன். பல்லைக் கடித்தார்.

"என்ன பேர் மிஸ் அந்த எலும்புக்கு?"
சொன்னேன்.
"அதுக்கு என்ன கருத்து?"
"தோணிபோல எண்டு கருத்து. கிரேக்கச் சொல்."

தலையை இப்பக்கமும் அப்பக்கமும் சாய்த்துத்
திரையைப் பார்த்தார்.
மறுகா கேட்டார்:
"எந்தத் தோணி? ஆத்துத் தோணியா, கடல் வள்ளமா?
அணியம் எங்க, கடையால் எங்க?
எனக்கெண்டா இது
வறுத்த கஜுக்கொட்டை."

அவர் சொன்னது சரி.
பெயர் வைத்தவன் கரையில் நின்று பார்த்திருப்பான்,
தண்டு வலித்திருக்கமாட்டான்.

மயிரிழைபோல் ஓடும் கோட்டைக் காட்டினேன்.
"தண்ணி எடுக்குமா?"
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்:
இந்த எலும்புக்குள் ரத்தம்
தூரத்து முனையால் நுழைந்து
பின்னோக்கித்தான் வரும்;
நடுவில் உடைந்தால் உள்முனை காய்ந்து போகலாம்.
"ஆத்துவாய் மண்மூடினாப்போல," என்றார்.
படிக்கிற காலத்தில்
இரண்டு நாள் எடுத்தது எனக்கு இது விளங்க.

"எத்தனை கிழமை?"
"பத்து. பன்னிரண்டும் ஆகலாம்."
நல்ல கைவிரலை மடக்கி எண்ணினார்.
வாடை விட்டு, கடல் இப்பதான் படிந்திருந்தது.
சித்திரை போய்
வைகாசியில் நின்றது விரல்.

அந்தச் சொல்லுக்கு
இன்னொரு வேலையும் உண்டு.
மல்லாந்து கிடப்பவரின் வயிறு
விலாவுக்குக் கீழே உள்வாங்கிப் போயிருந்தால்
டொக்டர்மார் அட்டையில் எழுதுவதும் இதைத்தான்.
சோறு காணாத வயிறு,
ஆளும் வலையும் ஏறாத தோணி.
அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
அந்தப் பொருத்தத்தில் மட்டும்
பிழை பிடித்திருக்கமாட்டார்.

மூன்றாம் கிழமை திரும்பி வந்தார்.
பிளாஸ்டரில் நீல மார்க்கர் கோடு:
மணிக்கட்டில் கூராய் ஓர் அணியம்,
முழங்கைப் பக்கம் கடையால்,
நடுவே படகின் பதிவு இலக்கம்.
மகள் கீறினதாம்.

"அசையாமல் வையுங்க," என்றேன்.

"கரையில ஏத்தி வெச்சிரிக்கு மிஸ்.
எங்க அசையிற?"