ஐந்தொகை

இரவு ஒன்பதேகால். செக்காலை ரோட்டில்
எவர்சில்வர் கடைக்கு மேல் என் அறை.
கீழே ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
மடிக்கணினியில் ஒற்றை வரி:
வரிசையில் உள்ளது.

எங்கோ வடக்கே, குளிரூட்டிய கூடத்தில்
என் முறை வரும்வரை
வங்காள விரிகுடா காத்திருக்கிறது.

துண்டு போட்டவள் நான்தான்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு துண்டு, துண்டுக்கொரு செயலி.
தன் நீர் தவிர எதுவும் தெரியாது அதற்கு.
ஒவ்வோர் அடிக்கும் முன்னால்
அக்கம்பக்கத்தில் கேட்டாக வேண்டும்:
உன் ஓரத்தில் சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு,
எந்தப் பக்கம் இழுக்கிறது.
மொத்தம் போடும் நேரம்
ஒன்று தாமதித்தால்
மீதி அத்தனையும் தம் கடலைக்
கையில் ஏந்தியபடி நிற்கும்.

நிலத்துக்குச் செயலி கிடையாது.
வீண்செலவு என்று நானே வெட்டினேன்.
பள்ளத்தூர், கானாடுகாத்தான், காரைக்குடி,
இந்தப் பிளாஸ்டிக் நாற்காலி,
எல்லாம் என் வரைபடத்தில் பூஜ்யம்.
கிழக்கே தொண்டிக்கு அப்பால்தான்
முதல் ஒன்று.

பிரச்சினை அதுவல்ல.
பாதிச் செயலிகளில் ஓட்டினால் ஒரு மொத்தம்,
முழுதிலும் ஓட்டினால் இன்னொன்று.
பதினாலாவது தசமத்தில் ஒரு தூசி.
அதே கடல், அதே வெயில்.
கூட்டிய வரிசைதான் மாறியிருந்தது.
எண்பதாம் நாள் அந்தத் தூசி
கடலூருக்கு வந்த புயலைக்
காக்கிநாடாவுக்கு அனுப்பிவிட்டது.

சார்ஜரைத் திருப்பி வாங்க வந்தாள்
கடையில் கணக்கெழுதும் உமையாள்.
ஐந்தொகையில் மூன்று ரூபாய் உதைத்ததாம்,
ஒன்றரை மணி நேரம் தேடினாளாம்,
ஒரு டம்ளர் இரண்டு தடவை ஏறியிருந்ததாம்.
என் இரண்டு மொத்தங்களையும் காட்டினேன்.

"மேலேருந்து கூட்டினாலும் கீழேருந்து கூட்டினாலும்
ஒரே தொகைதானே வரணும்?"
வராது என்றேன்.
"அப்ப அது கணக்கு இல்ல. வானிலை."
வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே
இறங்கிப் போனாள்.

மூன்று வாரமாக அந்தத் தூசியைத் துடைக்கப் பார்த்தேன்.
இன்று, வேலையை வரிசையிலிருந்து எடுத்து,
நானே தூசி தூவி
ஐம்பது கடல்களாக மறுபடி அனுப்பினேன்.
எத்தனை புயல் எங்கெங்கே போகுமோ போகட்டும்.
எத்தனை கடலூருக்கு வருகிறதென்று எண்ணிச் சொல்வேன்.
ஒரே தொகை கேட்பவர்களிடம்
சொல்ல என்னிடம் அவ்வளவுதான்.

பத்தரைக்கு மின்சாரம் போனது.
திரையில் மட்டும் வெளிச்சம்:
ஓடுகிறது.

ஓட்டின் மேல் சொட்டு.
பிறகு நாலைந்து.
என் பூஜ்யத்தில் மழை.

மாடியில் துணி கிடக்கிறது.