ஒன்பதுக்கு ஒன்று

அன்று எனக்கு வேலையே இருக்கவில்லை.
மல்லாவி மைதானத்தின் கிழக்குக் கம்பத்தில் சாய்ந்து
அந்தப் பக்கம் நடப்பதை
அழைப்பில்லாத கலியாணம்போலப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.
கையுறையில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை.
ஒருக்கால் மாடொன்று கோட்டுக்குள் வந்தது,
அதைத் துரத்தினேன்.
அவ்வளவுதான் என் ஆட்டம்.

அவர்கள் அம்பகாமத்திலிருந்து
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் வந்தவர்கள்.
பதினொன்றை நிரப்ப
ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவனையும்
ஏற்றி வந்திருந்தார்கள்.
நாலு பேருக்குச் சப்பாத்து இல்லை.
இடைவேளைக்கு முன்பே ஆறு.
கரும்பலகையில் எண்ணிக்கை எழுதும் பிள்ளை
அழித்து அழித்து
பாவாடையெல்லாம் சோக்குத்தூள்.

ஒன்பதாவதை நிரூபன் அடித்ததும்
எங்கள் பக்கத்துச் சனம்
"பத்து! பத்து!" என்று
பிஸ்கட் தகரத்தில் தட்டத் தொடங்கியது.
அருள்நேசன் சேர் கோட்டருகே வந்து
உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமத்திக் காட்டினார்:
காணும்.

அதுக்குப் பிறகுதான் அசிங்கம்.
எங்கடை ஆக்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே
கொடுத்தார்கள், வாங்கினார்கள்,
வெற்றிலைத் தட்டம் மாற்றுவதுபோல.
கோல்வாசல் மட்டும் போய்
மரியாதையாய்த் திரும்பி வந்தார்கள்.
ஆளில்லாத வலைக்கு முன்னால் நின்று
நிரூபன் வானத்துக்கு அடித்தான்.
சனம் சிரித்தது.

அவர்களின் தலைவன் சாருஜன்
நடுவட்டத்தில் நின்றுவிட்டான்.
முழங்காலில் இரத்தம் எது, செம்மண் எது
என்று தெரியவில்லை.
"டேய், விளையாடுங்கோவன்ரா!
நாங்கள் என்ன பிச்சைக்கோ வந்தனாங்கள்?"
சோளகம் அந்தக் குரலை
நேரே என்னிடம் கொண்டுவந்தது.
வேறு யாருக்கும் கேட்டதோ தெரியாது.

கடைசி நாலு நிமிசம்.
சோம்பலாய் உருண்ட பந்தொன்றைப் பறித்துக்கொண்டு
அந்தப் பொடியன் ஓடி வந்தான்.
எங்கள் பின்வரிசை
விருந்தாளிக்குப் படலை திறப்பதுபோல்
விலகி நின்றது.
மேற்கு வெயில் என் முகத்தில்.
பொய்க்கு நல்ல வசதியான வெயில்.
நான் முன்னால் ஓடினேன்.
கோணத்தை அடைத்தேன்.
அவன் வெறுங்கால் விரல்நுனியால் குத்திய பந்து
மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்தில் தட்டித்
திசைமாறியது.
பாய்ந்தேன், இடப்பக்கம்,
எனக்குள்ள நீளம் முழுவதும்.
நடுவிரல் தொட்டது.
பந்து கேட்கவில்லை.

மைதானமே எழும்பிக் கைதட்டியது.
எங்கள் பக்கம்தான் கூட.
நிரூபன் தோளில் அடித்தான்:
"நல்ல மனசு மச்சான் உனக்கு."
சேர் தூரத்திலிருந்து தலையாட்டினார்.
அவர்களின் அதிபர் வந்து
என் கையைப் பிடித்துக்கொண்டு
"நல்லா வளர்த்திருக்கினம் தம்பி உன்னை" என்றார்.
"ஐயோ இல்லை சேர், நான்..." என்றேன்.
அதுவும் அடக்கமாய்ப் போயிற்று.

ஒன்பது கோலுக்குப் பிறகு
தோற்கக்கூட எங்களுக்கு உரிமையில்லை,
தந்ததாகவே எழுதப்படும்.

கைகுலுக்கும் வரிசையில் கடைசியாக அவன்.
கீர்த்திகன். கை இன்னும் நடுங்கியது.
"அண்ணை, விட்டனீங்களோ?"
"இல்லையடா. முழுசாப் பாய்ஞ்சனான்."
தோலுரிந்த முழங்கையைத் திருப்பிக் காட்டினேன்.
கடையில் மாம்பழம் பார்ப்பதுபோல்
அதைக் கனநேரம் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
யாரோ கூப்பிட, ஓடிவிட்டான்.

எங்களுக்குச் சோடா உடைத்தார்கள்.
நான் குடிக்காமல் வீதிக்கரைக்கு வந்தேன்.
லாண்ட்மாஸ்டர் புகையைக் கக்கிக்கொண்டு திரும்பியது.
பெட்டிக்குள் எழுந்து நின்று
அவன் செய்து காட்டிக்கொண்டிருந்தான்:
காலை எப்படி வீசினான் என்று.
இரண்டு தரம்.
சாருஜன் அவன் சட்டையைப் பிடித்திருந்தான்,
விழுந்துவிடாதபடி.
மூன்றாம் தரம்
கையிரண்டையும் நீட்டிச் சரிந்து
என்னைச் செய்து காட்டினான்,
நான் பாய்ந்ததைவிடத்
தூரமாய்.