பதில்கோப்பு

முக்கூடல் பீடிக் கம்பெனி மாடியில் இருந்துகொண்டு
பதினாலு கிளைக்கும் ஒரே ராத்திரியில்
தரவுத்தள சர்வர் ஏற்றியாக வேண்டும்.
கிளைக்கு ஒரு டெஸ்க்டாப்.
எல்லாக் கீபோர்டின் இடுக்கிலும் புகையிலைத் தூள்.

முதல் ஒன்றை என் மேசையில் கையாலேயே போட்டேன்,
என்னென்ன கேட்கிறது என்று
கரண்ட் பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டே.
எந்த ஃபோல்டர். எந்த போர்ட்.
கடவுச்சொல் என்ன.
விண்டோஸ் எழும்பும்போது நானும் எழும்பட்டுமா.
நிபந்தனைகளுக்குச் சம்மதமா
(நாற்பது பக்கம், யார் படித்தது).

பதினேழு கேள்விக்கும் பதிலை
ஒரு கோப்பில் வரிவரியாய் வைத்துவிட்டால்
அப்புறம் அது வாயே திறக்காது.
நான் ஏறியிராத படிகளுக்கு மேல் இருக்கும்
பதினாலு பெட்டிகளுக்காகவும்
ஒரே வரியில் சம்மதம் என்று எழுதினேன்.

ஏழு மணி. கட்டு எண்ணி முடிக்கிற நேரம்.
விட்டேன்.

ஆலங்குளம் பூஜ்யம்.
இந்த வேலையில் பூஜ்யம்தான் முழு மார்க்.
கடையம் பூஜ்யம்.
ரவணசமுத்திரம் மூவாயிரத்துப் பத்து:
முடிந்துவிட்டது, ஒருமுறை அணைத்து எழுப்பு என்று அர்த்தம்.
வீரவநல்லூரில் இடமில்லை.
சி டிரைவ் முழுக்கக் கணக்கர் மகளின் சடங்கு வீடியோ.

பாப்பாக்குடி மட்டும் மூன்று தடவை
பாதியிலேயே செத்தது.
லாக்கின் கடைசி வரி
ஒரு சொல்லுக்கு நடுவில் நின்றிருந்தது.
மின்வாரியத்தைத் திட்டினேன்.

ஒன்பதேகாலுக்குப் போன்.
"சார், பாப்பாக்குடி ஜெபக்கனி பேசுதேன்.
லைட்டு மட்டும் வெட்டி வெட்டி எரியி,
திரையில ஒண்ணையும் காணல.
சிக்கிட்டுன்னு மூணு வாட்டி அமத்திட்டேன்.
கடைசி பஸ்ஸு போயிரும் சார்,
இத அமத்தாம எப்படி ஆபீஸப் பூட்ட?"

அமைதியாகப் போடு என்று எழுதியது நான்தான்.
அவளிடம் எதுவும் கேட்காதே என்று
தெரிந்தேதான் எழுதினேன்.
அவளிடம் எதுவும் சொல்லாதே என்றும்
எழுதியதாக ஞாபகம் இல்லை.
ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச்தான் போலிருக்கிறது.

முதல் வரிக்கும் மேலே ஒரு வரி சேர்த்தேன்.
திரை நடுவில் சின்னப் பெட்டி, பொத்தான் கிடையாது.
'நிறுவல் நடைபெறுகிறது' என்று அடித்து,
அழித்து,
திரும்ப அடித்தேன்:
வேலை நடக்கு. அமத்திராதிய.
பூட்டிட்டுப் போங்க, தன்னால அமந்துரும்.

அப்படிச் சொல்லிவிட்டதால்
தன்னால் அணையவும் ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று.

பத்துக்கு அஞ்சு இருக்கையில் பாப்பாக்குடி பூஜ்யம்.

வீரவநல்லூர் வீடியோவை இங்கிருந்தே அழிக்கலாம்,
கட்டளை அரை வரிகூட வராது.
பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.
காலையில் முதல் பஸ்.
கணக்கரிடம் கேட்க வேண்டும்.